பனியில் கிடைத்த இரும்பு விண்கல்: விவரிப்பதில் தொடங்கி வகைப்படுத்துவது வரை முழு வழிகாட்டி

அண்டார்டிகாவின் பனியிலிருந்து இதுவரை பல்லாயிரம் விண்கற்களைப் பொறுக்கியிருக்கிறார்கள். அங்கே விண்கல் தேடும் அமெரிக்காவின் ஆன்ஸ்மெட் குழு மட்டுமே 1976-லிருந்து 20,000-க்கு மேல் எடுத்திருக்கிறது. அதில் இரும்பு எவ்வளவு என்று பார்த்தால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. விழுவதை ஆட்கள் பார்த்து உடனே எடுத்த விண்கற்களில் நூற்றுக்கு நான்கைந்து இரும்பாக இருக்கும்போது பனியில் மட்டும் இவ்வளவு குறைச்சல். கிடைப்பதும் பெரும்பாலும் சின்னத் துண்டுதான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. இரும்பு விண்கற்களை அவற்றின் வேதியியல் சேர்மானத்தை வைத்துக் குழுக்களாகப் பிரிப்பது வழக்கம். 1990-ல் ஜான் வாசன் என்ற விண்கல் ஆய்வாளர் அதுவரை கிடைத்திருந்த 31 அண்டார்டிக் இரும்புகளைக் கணக்குப் பார்த்தார். மற்ற கண்டங்களில் கிடைத்த இரும்புகளில் எந்தக் குழுவிலும் சேராதவை 15 சதவீதம், அண்டார்டிகாவில் 39 சதவீதம். அண்டார்டிக் இரும்புகளின் இடைநிலை எடை மற்றவற்றின் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு என்பதோடு அவர் இதைத் தொடர்புபடுத்தினார். சின்னத் துண்டுகளை வாரிக்கொண்டு வரும்போது விதவிதமான தாய்க்கோள்களிலிருந்து (விண்கற்கள் உடைந்து வந்த மூலப் பொருள்கள்) வந்தவை அகப்படுகின்றன என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், பனியில் கிடைத்த இரும்பைக் கையில் எடுப்பவர் செய்யக்கூடிய பெரிய தப்பு, தெரிந்த ஏதாவது ஒரு குழுவில் அதை எப்படியாவது திணித்துவிடுவது. முதலில் பார்த்ததை எழுதுங்கள், அப்புறம் அளந்ததை எழுதுங்கள், பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது. (குழுக்களின் பெயரில் ரோமன் எண் போடுவதுதான் வழக்கம், இங்கே படிக்க வசதியாக 1ஏபி, 3ஏபி, 4ஏ என்று எழுதுகிறேன்.)

பனி என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பனிப்படலம் கண்டத்தின் நடுவிலிருந்து கடலை நோக்கி மெதுவாக நகர்கிறது. வழியில் மலைத்தொடர் மறித்தால் பனி அங்கே மேலெழுகிறது. மேட்டிலிருந்து இறங்கும் வறண்ட காற்று ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் பனியை ஆவியாக்கித் தள்ளிக்கொண்டே இருக்க, உள்ளே புதைந்து வந்த கற்கள் நீலப்பனியின் (இறுகி நீலமாகத் தெரியும் பழைய பனி) மேல் மிஞ்சுகின்றன. 1912-ல் மாசனின் ஆஸ்திரேலியக் குழு அடெலி லேண்டில் ஒரே ஒரு கல்லைத்தான் கண்டெடுத்தது. 1969-ல் யமட்டோ மலைப் பக்கம் போன ஜப்பானியர்களுக்கு ஒன்பது கற்கள் கிடைத்தன, அவை வெவ்வேறு வகை என்று தெரிந்த பிறகுதான் பனி கற்களைச் சேர்த்து வைக்கிறது என்பது உறைத்தது.

வகைப்படுத்துகிறவருக்கு இதிலிருந்து தேவைப்படுவது இரண்டு செய்தி. பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவை ஒரே விழுதலைச் சேர்ந்தவை என்று நம்பக்கூடாது. அடுத்தது, கல் லட்சக்கணக்கான ஆண்டுகள் பூமியிலேயே கிடந்திருக்கலாம், ஆகவே வெளித்தோற்றத்தில் தெரிவதில் எது விண்வெளியில் நடந்தது, எது இங்கே வந்த பிறகு நடந்தது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இரும்பு ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு 2016-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். பனிக்கு உள்ளே இருக்கும் இரும்புக்கல் மேலே வரும்போது, பனியை ஊடுருவும் வெயிலில் சூடேறி, கல் விண்கல்லைவிட வேகமாக அந்தச் சூட்டைக் கீழே கடத்தி, அடியில் உள்ள பனியை உருக்கி மறுபடி இறங்கிவிடுகிறது. இப்படி மேற்பரப்புக்குச் சற்று கீழேயே நிறைய இரும்பு தங்கியிருக்கலாம் என்பது கணக்கு. அப்புறம் மெட்டல் டிடெக்டரோடு ஆட்கள் தேடவும் போனார்கள்.

எடுக்கும் இடத்தில்

கையால் தொடாதீர்கள். எண் பட்டையும் அளவுகோலும் பக்கத்தில் வைத்து, கிடந்தது கிடந்தபடி படம் எடுங்கள். ஜிபிஎஸ் குறிப்பு, தோராயமான அளவு, எந்தப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது, நீலப்பனியிலா, மொரேனிலா (பனியாறு குவித்த கற்குவியல்), மலைச்சரிவிலா என்பதையெல்லாம் அங்கேயே எழுதிவிட வேண்டும், கூடாரத்துக்குத் திரும்பி ஞாபகத்திலிருந்து எழுதுவதை நம்ப வேண்டாம். சுத்தமான இடுக்கியால் எடுத்து டெஃப்லான் பையில் போட்டு மூடி, கடைசிவரை உறைநிலையிலேயே வையுங்கள். காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இரும்பு என்று எடையே சொல்லிவிடும், காந்தம் வைத்தால் கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தப் பதிவு கெட்டுப்போகும், அவ்வளவுதான் பலன்.

பனியில் கிடைத்ததைச் சொந்தமாக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவரும் வழி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்கற்களை அறிவியலுக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளின் கூட்டமே 2001-ல் தீர்மானம் போட்டிருக்கிறது.

பெயர் இடத்தின் சுருக்கத்திலிருந்து வரும். பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கம் தேடல் பருவம் தொடங்கிய ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் வரிசை எண். ஆலன் ஹில்ஸில் 1982 ஜனவரியில் எடுத்த, முதன்முதலாக நிலவுக்கல் என்று அடையாளம் காணப்பட்ட கல்லின் எண் 81005 என்று இருப்பது இதனால்தான், பருவம் 1981-ல் தொடங்கியது. ஆன்ஸ்மெட்டின் தொடக்க கால எண்களில் இடச்சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு ‘ஏ’ வரும், அது 1981 பருவத்தோடு நின்றுவிட்டது.

உருக வைப்பது

இரும்பைப் பொறுத்தவரை இதுதான் ஆபத்தான கட்டம். ஃபிரீசரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் அறைக்காற்றின் ஈரம் முழுக்க அதன் மேல் வியர்த்துவிடும். ஏற்கெனவே உள்ளே ஏறியிருக்கும் குளோரினோடு அந்த ஈரம் சேர்ந்தால் துரு ஓட ஆரம்பிக்கும். புக்வால்டும் கிளார்க்கும் 1989-ல் அண்டார்டிக் இரும்புகளை ஆராய்ந்து, குளோரின் அடங்கிய அகாகனைட் என்ற துருக்கனிமம்தான் இந்த அரிப்பை நடத்துகிறது என்று காட்டினார்கள். பழைய புத்தகங்கள் இதே பழியை லாரன்சைட் (இரும்பு குளோரைடு) மேல் போடும், அதை விட்டுவிடுங்கள். உலர்ந்த நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள் வைத்து, பனி நீராகி நிற்காமல் போகும்படி நிதானமாக உருக வையுங்கள். அமெரிக்கச் சேகரிப்பு ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்துக்கு உறைந்தபடியே போய் இப்படித்தான் திறக்கப்படுகிறது, பிறகு இரும்புகள் விவரிப்புக்காக ஸ்மித்சோனியனுக்குப் போகின்றன.

வெளித்தோற்றத்தை எழுதுவது

இங்கே அவசரப்படாதீர்கள். வெட்டிய பிறகு முழுக்கல் திரும்பி வராது.

எடை, மூன்று குறுக்களவுகள், வடிவம், நிறம். இதற்குப் பிறகு ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக, எண் போட்டுக்கொண்டு பாருங்கள். காற்றில் உருகி வழிந்த கறுப்புத் தோல் எங்காவது மிச்சம் இருக்கிறதா? இரும்பில் இது மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன், பனியில் கிடந்தவற்றில் பெரும்பாலும் துருவாக மாறியிருக்கும். கட்டைவிரல் பதியும் அளவுக்கு வழவழப்பான குழிகள் உண்டா? உண்டென்றால் அவை காற்றில் அரித்த குழிகளா, பூமியில் துருப்பிடித்து உதிர்ந்த பள்ளங்களா? காற்றில் அரித்ததன் விளிம்பு மழுங்கி, ஒரு திசையில் ஒழுங்காக இருக்கும். துருப்பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக, அடியில் துகள்துகளாக இருக்கும். பனிக்கு வெளியே இருந்த முகமும் அடியில் புதைந்த முகமும் நிறத்தில் வேறுபடுகின்றனவா? விளிம்பில் தட்டையாக உரிந்து வருகிறதா? உரிகிறதென்றால் பெரும்பாலும் காமசைட் (நிக்கல் குறைந்த இரும்புக் கனிமம்) பட்டைகளின் எல்லையில் துரு நுழைந்திருக்கிறது, உள்ளே என்ன வடிவம் காத்திருக்கிறது என்று வெட்டும் முன்பே அது துப்புக் கொடுத்துவிடும்.

ஒரு கற்பனைத் துண்டை வைத்து எழுதிக் காட்டுகிறேன்:

“86 கிராம். 4.1 × 2.8 × 1.9 செ.மீ. ஒரு பக்கம் தட்டையான, மறுபக்கம் குவிந்த துண்டு. குவிந்த முகம் கரும்பழுப்பு, வழவழப்பு, 8 முதல் 10 மி.மீ. அகலமுள்ள மூன்று ஆழமற்ற குழிகள், அவற்றில் இரண்டுக்கு நடுவில் 4 மி.மீ. அளவில் மங்கிய கறுப்புத் தோல். தட்டையான முகம் செம்பழுப்பு, சொரசொரப்பு. ஒரு விளிம்பில் மூன்று இணையான விரிசல்கள், ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ.க்குச் சற்று அதிக இடைவெளி. சொட்டாக வழியும் துரு இல்லை.”

இதில் எங்கும் “ஆக்டாஹெட்ரைட்” (உள்ளே உலோகப் பட்டைகள் பின்னிய இரும்பு) என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இணையான விரிசலைப் பார்த்ததும் எழுதத்தான் கை துறுதுறுக்கும், எழுதாதீர்கள்.

விண்கல்தானா?

கிடைத்தது அண்டார்டிகாவின் நீலப்பனி என்றால் இந்தக் கேள்வி சீக்கிரம் தீரும், வடதுருவப் பக்கம் அப்படி இல்லை. கிரீன்லாந்தின் கேப் யார்க் உண்மையான இரும்பு விண்கல்; அதில் அநிகிடோ என்ற 31 டன் துண்டை 1897-ல் துருவப் பயணி பியரி கப்பலேற்றிக்கொண்டு போனார், அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இன்யூட் மக்கள் அந்த இரும்பைத் தட்டிக் கத்தியும் ஈட்டிமுனையும் செய்துவந்தார்கள். அதே கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவில் 1870-ல் துருவ ஆய்வாளர் நோர்டன்ஷோல்ட் கண்ட பெரிய இரும்புப் பாறைகளை அவர் விண்கல் என்றே எண்ணினார், கடைசியில் அவை பசால்ட் எரிமலைக்குழம்பில் உருவான பூமியின் சொந்த இரும்பு என்று தெரிந்தது. அதில் நிக்கல் குறைவு, கார்பன் அதிகம்.

நிக்கல் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். டைமெத்தில்கிளையாக்ஸைம் சோதனையில் சிவப்பு வந்தால் நிக்கல் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட அந்த நிறத்தைக் கொடுக்கும். அடர்த்தி கன செ.மீ.க்கு 7.5 கிராமைத் தாண்டாமல் நின்றால் உள்ளே சிலிக்கேட்டோ நிறையத் துருவோ இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதும் மெருகேற்றுவதும்

எந்தத் திசையில் வெட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கறுப்புத் தோல் மிஞ்சிய இடத்தைக் குறுக்காகக் கடந்து உள்நோக்கிப் போகும் வெட்டுதான் நல்லது, அப்போது விளிம்பிலிருந்து மையம் வரை ஒரே முகத்தில் பார்க்கலாம். மெல்லிய பிளேடு, குறைந்த வேகம், தண்ணீருக்குப் பதிலாகச் சாராயம் (எத்தனால்). சூடேறினால் உள்வடிவமே மாறிவிடும் என்பதால் பொறுமை வேண்டும். பிளேடு ஓரிடத்தில் நகர மறுத்தால் பலவந்தம் செய்யாதீர்கள், கோஹனைட் (இரும்பு கார்பைடு), ஸ்க்ரைபர்சைட் (இரும்பு-நிக்கல் பாஸ்பைடு) போன்ற கடினமான கனிமமாக இருக்கலாம். ஆலன் ஹில்ஸில் எடுத்த ஏஎல்எச்ஏ 77283 என்ற பத்தரைக் கிலோ இரும்பில் வைரமே இருந்தது. அவ்வளவு சின்னக் கல் தரையில் மோதிய வேகத்தில் வைரம் உண்டாகாது, ஆகவே அது விண்வெளி மோதலில் வந்தது என்று 1981-ல் எழுதினார்கள்.

சிலிக்கான் கார்பைடு தாள் 220-ல் ஆரம்பித்து 1200 வரை, அப்புறம் வைரப்பசை 6, 3, 1 மைக்ரான். தாள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கல்லை 90 டிகிரி திருப்பி, முந்தைய தாளின் கீறல் முழுக்கப் போகும்வரை தேயுங்கள். இந்த வேலையைக் குறுக்கினால் பிறகு அமிலம் பழைய கீறல்களையெல்லாம் எடுத்துக் காட்டி, அவை நாய்மன் கோடுகளா (விண்வெளி மோதலில் விழுந்த மெல்லிய கோடுகள்) தாளின் கீறலா என்று குழம்ப வைக்கும்.

மெருகேறியதும் நேரே அமிலத்துக்குப் போக வேண்டாம். கண்ணாடி போன்ற அந்த முகத்தில் உள்ளடக்கங்களைப் பார்க்க இதுதான் நேரம். வெண்கல நிறத்தில் இருப்பது ட்ராய்லைட் (இரும்பு சல்பைடு). இரும்பைவிடச் சற்று மஞ்சளோடிய வெள்ளியாய், விரிசல் விழுந்து நொறுங்கியிருப்பது ஸ்க்ரைபர்சைட். கரிய மிருதுவான திட்டு கிராஃபைட். பச்சையோ பழுப்போ கலந்த கண்ணாடித் துகள் தெரிந்தால் சிலிக்கேட், அப்போது 1ஏபி அல்லது 2இ பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். அளவு, எண்ணிக்கை, மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதம், எல்லாம் குறிப்பேட்டில் ஏறட்டும்.

அமிலம் இடுவது

நைட்டல் என்பது எத்தனாலில் 2 முதல் 5 சதவீதம் நைட்ரிக் அமிலம். அளவைக் கூட்டாதீர்கள். சாராயத்தில் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. அசிட்டோன் பக்கத்திலேயே இருக்கக்கூடாது. கலந்ததை இறுக மூடிய பாட்டிலில் சேர்த்து வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும், அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து மிச்சத்தை முறைப்படி அழித்துவிடுங்கள். புகைக்கூண்டு, கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே வேண்டாம்.

பஞ்சைத் தோய்த்து முகம் முழுக்க ஒரே சீராகத் தடவுங்கள். முதல் சில விநாடிகள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு கண்ணாடிப் பளபளப்பு ஓரிடத்தில் மூச்சுப்பட்டது போல மங்கும், மங்கல் பட்டை பட்டையாகப் பிரியும், பட்டைகளுக்கு நடுவில் மயிரிழை அகலத்தில் டேனைட் (நிக்கல் மிகுந்த இரும்புக் கனிமம்) மட்டும் கரையாமல் வெள்ளியாக நிற்கும். விளக்குக்குக் கீழே கல்லை லேசாகச் சாய்த்தால் ஒரு திசையில் ஓடும் பட்டைகள் எல்லாம் ஒன்றாக மின்னி, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அவை அணைந்து வேறு திசைப் பட்டைகள் மின்னும். இதுதான் விட்மன்ஷ்டெட்டன் வடிவம். 1808-ல் வியன்னாவில் இதைக் கண்ட விட்மன்ஷ்டெட்டன் பெயர் நிலைத்துவிட்டது, நேப்பிள்ஸில் தாம்சன் 1804-லேயே எழுதியிருந்தார் என்றாலும். போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள், மறுபடி தடவலாம், அதிகம் அரித்துவிட்டால் திரும்ப மெருகேற்ற வேண்டியதுதான். சாராயத்தில் நன்றாகக் கழுவி, லேசான சூட்டில் உலர்த்துங்கள்.

உலோகம் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரியிலிருந்து சில ஆயிரம் டிகிரி என்ற வேகத்தில் ஆறினால்தான் இந்த வடிவம் வரும். டேனைட்டின் எண்முகத் தளங்களில் காமசைட் தகடுகள் முளைத்து வளர அவ்வளவு காலம் தேவை. பூமியில் எந்த உலையும் இதைப் போலி செய்ய முடியாது.

பட்டையை அளப்பது

கட்டமைப்பு வகையைத் தீர்மானிப்பது காமசைட் பட்டையின் அகலம். புக்வால்டின் 1975-ஆம் ஆண்டுக் கையேட்டில் உள்ள எல்லைகளையே எல்லோரும் பின்பற்றுகிறார்கள். 3.3 மி.மீ.க்கு மேல் போனால் மிகப் பரும்படி, 1.3 முதல் 3.3 வரை பரும்படி, 0.5 முதல் 1.3 வரை நடுத்தரம், 0.2 முதல் 0.5 வரை நுண்மை, அதற்கும் கீழே மிக நுண்மை. பட்டையே இல்லாமல் முழுக்கக் காமசைட் என்றால் ஹெக்ஸாஹெட்ரைட். நிக்கல் மிகுந்து கண்ணுக்கு வடிவமே தெரியாவிட்டால் அடாக்ஸைட்.

அளவுகோலை வைத்து அளந்துவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். தகட்டைச் செங்குத்தாக வெட்டியிருந்தால் மட்டுமே தெரியும் அகலம் உண்மை அகலம். வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை நீண்டு வருவது போல, சாய்ந்த வெட்டில் பட்டை அகன்று தெரியும். ஆகவே முதலில் பட்டைகள் எத்தனை திசையில் ஓடுகின்றன, இடையில் என்ன கோணம் என்று பாருங்கள். இரண்டே திசை, செங்கோணம் என்றால் கனசதுர முகத்துக்கு இணையான வெட்டு, தகடுகள் 54.7 டிகிரி சாய்ந்திருக்கும், அளந்ததை 0.82-ஆல் பெருக்குங்கள். மூன்று திசை, 60 டிகிரி இடைவெளி என்றால் எண்முகத் தளத்துக்கு இணையான வெட்டு, பெருக்க வேண்டியது 0.94.

நம் 86 கிராம் துண்டில் பட்டைகள் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டு, சராசரியாக 1.4 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எழுதினால் பரும்படி. திருத்தினால் 1.15, நடுத்தரம். வகையே மாறிவிட்டது. நீளம் அகலத்தைப் போலப் பத்து மடங்காவது இருக்கும் நேரான பட்டைகளை மட்டும் எடுத்து, முடிந்தவரை நிறைய அளந்து, சராசரியோடு விலகலையும் கொடுங்கள். ட்ராய்லைட்டையோ ஸ்க்ரைபர்சைட்டையோ சுற்றி வளர்ந்த தடித்த காமசைட்டைச் சேர்க்காதீர்கள்.

அண்டார்டிகாவின் சின்னத் துண்டுகளில் இதற்கு மேல் ஒரு பொறி இருக்கிறது. டெரிக் பீக் இரும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1978 பருவத்தில், பனியில் கூட இல்லை, பிரிட்டானியா மலைத்தொடரில் ஹாதர்ட்டன் பனியாற்றுக்கு மேலுள்ள சரிவில் 16 துண்டுகள் கிடைத்தன, மிகப் பெரியது 138 கிலோ. 2ஏபி குழு, மிகப் பரும்படி ஆக்டாஹெட்ரைட், ஸ்க்ரைபர்சைட் ஏராளம். இப்படிப்பட்ட ஒன்றிலிருந்து உடைந்த ஒன்றரை சென்டிமீட்டர் துண்டு மட்டும் உங்கள் கையில் இருந்தால், முழுத்துண்டும் ஒரே காமசைட் பட்டைக்குள் அடங்கிவிடலாம், நீங்களும் ஹெக்ஸாஹெட்ரைட் என்று எழுதிவிடுவீர்கள். துண்டு சின்னதாக இருந்தால் “ஒற்றைக் காமசைட் படிகம், கட்டமைப்பு வகை தீர்மானிக்க இயலவில்லை” என்று எழுதுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

நுண்ணோக்கியில் இன்னும் கொஞ்சம்

காமசைட்டுக்குள் ஓடும் மெல்லிய இணைகோடுகள் நாய்மன் கோடுகள், விண்வெளியில் பட்ட அடியின் அடையாளம். அடியின் அழுத்தம் 13 ஜிகாபாஸ்கலைத் தாண்டியிருந்தால் கோடுகளுக்குப் பதிலாகக் காமசைட் முழுக்கச் சொரசொரத்த மங்கலாக இருக்கும். பிறகு விளிம்புக்கு வாருங்கள். வளிமண்டலத்தில் சூடேறிய வெளி ஓரத்தில் காமசைட் துண்டுதுண்டான ஒழுங்கற்ற மணிகளாக மாறியிருக்கும், நாய்மன் கோடுகள் அங்கே வந்ததும் மறையும், ஸ்க்ரைபர்சைட் உருகி உறைந்திருக்கும். இந்த ஓரம் சில மி.மீ. தடிமன்தான். முழுக்க இருந்தால் பனியில் கிடந்த காலத்தில் கல் அதிகம் இழக்கவில்லை என்று பொருள், சுத்தமாக இல்லாவிட்டால் சில மி.மீ.யாவது துருவாகப் போய்விட்டது. வானிலைச் சிதைவைப் பற்றி இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, அதனால் எந்த முகத்தில் எவ்வளவு தடிமன் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

பட்டைகளுக்கு இடையில் சிக்கிய பிளெஸைட் (காமசைட்டும் டேனைட்டும் நுணுக்கமாகக் கலந்த) திட்டுகள், சீப்பு வடிவமா வலை வடிவமா கறுப்பா என்பதும் ஒரு வரி.

வேதியியல்தான் தீர்ப்பு சொல்லும்

கட்டமைப்பு பேச்சைத் தொடங்கி வைக்கும், குழுவை முடிவு செய்வது வேதியியல். நடுத்தர ஆக்டாஹெட்ரைட் என்ற ஒரே சொல்லுக்குள் 3ஏபி, 1ஏபி, 2இ என்று பலவும் ஒளிந்துகொள்ளும்.

மின்னணு நுண்ணாய்வுக் கருவியில் காமசைட்டில் நிக்கல் எவ்வளவு, டேனைட்டில் எவ்வளவு என்று கிடைக்கும். காமசைட்டில் பெரும்பாலும் 5.5 முதல் 7.5 சதவீதம், டேனைட்டில் விளிம்பில் உச்சமாகி நடுவில் இறங்கும். மொத்தக் கல்லின் நிக்கலை இந்தப் புள்ளிகளிலிருந்து ஊகிக்க வேண்டாம். கையடக்க எக்ஸ்ரே கருவி நிக்கலை ஓரளவு சொல்லும், குழு பிரிக்கத் தேவையான அளவுக்கு ஜெர்மானியத்தையும் காலியத்தையும் அதனால் பிடிக்க முடியாது. நியூட்ரான் செயலூட்டமோ லேசர் பிளாஸ்மா நிறை நிறமாலையோ செய்யும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அரை கிராம் அளவில், துருவும் ஸ்க்ரைபர்சைட்டும் இல்லாத இடத்திலிருந்து வெட்டிக் கொடுங்கள். பட்டை பெரிதாக உள்ள கல்லில் இரண்டு இடத்திலிருந்து கொடுப்பது நல்லது.

காலியமும் ஜெர்மானியமும் ஏன் இவ்வளவு முக்கியம்? இவை எளிதில் ஆவியாகும் தனிமங்கள், ஒவ்வொரு தாய்க்கோளும் உருவான இடத்துக்கேற்ப வெவ்வேறு அளவில் இவற்றைப் பெற்றது. உலோகக் குழம்பு படிகமாகும்போது இவற்றின் அளவு பெரிதாக மாறாது. அதனால் கிட்டத்தட்ட ஒரு குடும்பப் பெயர் மாதிரி. இரிடியம் நேரெதிர். முதலில் உறையும் திண்மத்துக்குள் புகுந்துவிடும், ஆகவே சில குழுக்களில் ஒரே குழுவுக்குள்ளேயே ஆயிரம் மடங்குகூட வேறுபடும். கல் அந்தக் குழுவின் உறைதல் வரிசையில் எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லும்.

தோராயமான எல்லைகள், காலியமும் ஜெர்மானியமும் பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு): 1ஏபி பிரதானக் குழுவில் நிக்கல் 6.4 முதல் 8.7 சதவீதம், காலியம் 55 முதல் 100, ஜெர்மானியம் 190 முதல் 520. 2ஏபியில் நிக்கல் 5.3 முதல் 6.4, காலியம் 46 முதல் 62, ஜெர்மானியம் 107 முதல் 185. 3ஏபியில் நிக்கல் 7.1 முதல் 10.5, காலியம் 16 முதல் 23, ஜெர்மானியம் 27 முதல் 47. 4ஏவில் காலியம் இரண்டை ஒட்டியும் ஜெர்மானியம் 0.1-ஐ ஒட்டியும் இறங்கிவிடும். 4பியில் நிக்கல் 16 முதல் 18 வரை ஏறி, ஜெர்மானியம் 0.03 முதல் 0.07 என்று கிட்டத்தட்ட இல்லாமலே போகும். வாசன் பிற்காலத்தில் வரைபடத்தின் கிடை அச்சில் நிக்கலுக்குப் பதிலாகத் தங்கத்தை வைத்துப் புள்ளியிட்டார், குழுவுக்குள் தங்கம் அதிகம் விரிவதால் வரிசை தெளிவாகத் தெரிகிறது. முன்பு 3சிடி என்று தனியாக இருந்தவை இப்போது 1ஏபி கூட்டத்துக்குள் வந்துவிட்டன, பழைய அட்டவணையைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

நம் துண்டுக்கு நிக்கல் 8.1 சதவீதம், காலியம் 19, ஜெர்மானியம் 38, இரிடியம் 1.5 பிபிஎம் வந்தால் கேள்வியே இல்லை, 3ஏபி. திருத்திய பட்டையகலம் 1.15-ம் அதோடு ஒத்துப்போகிறது. அதே துண்டில் மற்றதெல்லாம் அப்படியே இருந்து ஜெர்மானியம் மட்டும் 90 வந்தால்? முதலில் மாதிரியில் ஏதேனும் கலந்ததா என்று இன்னொரு வெட்டிலிருந்து சரிபாருங்கள். மறுபடியும் 90 என்றால் அது எந்தக் குழுவிலும் சேராதது. “3ஏபி, அசாதாரணம்” என்று ஒட்டுப்போட ஆசை வரும். காலியம், தங்கம், ஆர்சனிக் எல்லாம் அந்தக் குழுவின் போக்கில் வந்து ஒன்று மட்டும் சற்று விலகினால்தான் அந்த ஒட்டுக்கு நியாயம் உண்டு. இங்கே விலகுவது ஒன்றுதான் என்றாலும் குழுவின் மேல் எல்லையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மூன்று தனிமம் சேர்ந்து விலகினாலும் குழுசேராதது என்றே எழுதுங்கள். ஐந்து உறுப்பினர் சேர்ந்தால்தான் புதுக் குழு என்பது மரபு, நீங்கள் இன்று தனியாக விட்டது நாளை இன்னும் நான்கோடு சேர்ந்து குழுவாகலாம். தவறான குழுவில் போட்டுவிட்டால் அந்த நான்கு வரும்போது இதை யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

ஜோடி சேர்ப்பது

ஒரே விழுதலின் துண்டுகளா என்று முடிவு செய்ய இடம், கட்டமைப்பு, வேதியியல் மூன்றும் பொருந்த வேண்டும். ஆலன் ஹில்ஸின் ஏஎல்எச்ஏ 76002-ம் அடுத்த பருவத்தில் எடுத்த சில துண்டுகளும் ஒரே 1ஏபி விழுதலாகச் சேர்க்கப்பட்டன. மேலே சொன்ன வைரக்கல் 77283-ம் அதே இடம், அதே 1ஏபி, ஆனாலும் அந்தக் கூட்டத்தில் இல்லை. சந்தேகம் தீராவிட்டால் குளோரின்-36 போன்ற கதிரியக்க அணுக்களை அளந்து பூமியில் எவ்வளவு காலம் கிடந்தது என்று பார்க்கலாம், அதன் அரைவாழ்வு சுமார் 3 லட்சம் ஆண்டு என்பதால் அண்டார்டிகாவுக்கு ஏற்ற கடிகாரம்.

பதிவு

வகைப்பாட்டுக் குறிப்பில் இருக்க வேண்டியவை: எண், எடை, அளவுகள், வெளித்தோற்றம், வெட்டுமுகப் பரப்பு, திருத்திய பட்டையகலம், திருத்திய முறை, உள்ளடக்கங்கள், அதிர்ச்சி அடையாளம், வெப்ப ஓரத்தின் தடிமன், துருவின் அளவு, நிக்கலும் சுவடுத் தனிமங்களும், எந்த முறையில் அளந்தது, குழு. ஆன்ஸ்மெட் கற்கள் என்றால் இது ஆண்டுக்கு இருமுறை வரும் அண்டார்டிக் விண்கல் செய்தி மடலில் வரும். மற்றவை விண்கல் சங்கத்தின் பெயரிடும் குழுவுக்குப் போய் அங்கீகாரம் பெற வேண்டும். அதற்கு 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை ஒரு நிறுவனத்தில் மாதிரியாக வைத்திருக்க வேண்டும். நம் 86 கிராமில் 17.2 கிராம்.

வெட்டித் தேய்த்த முகத்தை அமிலத்தோடு அப்படியே அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சாராயத்தில் மறுபடி கழுவி, உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடி வையுங்கள். முதல் சில மாதம் அடிக்கடி திறந்து, ட்ராய்லைட் ஓரங்களிலும் பழைய விரிசல்களிலும் பழுப்புத் துளி பூக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். பூத்திருந்தால் உள்ளே குளோரின் மிச்சம் இருக்கிறது, உடனே நைட்ரஜன் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.